நான் பார்த்ததாகச் சொன்னது

மல்லசமுத்திரம்
வெள்ளிக்கிழமை

கண்ணான மகள் அகல்யாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே அப்பாவும் மாடு கன்றும் சுகம். புனேயில் நீ சுகமாக இருக்கத் திருச்செங்கோட்டு மலையானைக் கும்பிட்டுக்கொள்கிறேன். நானும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொன்னால் நடுவில் நீ கேள்வி கேட்பாய், எனக்குப் பேச்சு வராது, பக்கத்தில் அப்பாவும் இருப்பார், அதனால்தான் கடிதம். குச்சிக்கிழங்கு பிடுங்கியாகிவிட்டது, செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. ஊர்ச் சேதி அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை, பயிற்சிக்கு ஆள் வேண்டும், நீயே சாட்சியாக இரு என்று போன் போட்டாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். சட்டம் படித்து முடித்தவளுக்குக் கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்ய ஆறு மாதம் தனியாகப் பழக்குகிறார்கள் என்றபோது பெருமையாகத்தான் இருந்தது. நம் குணசீலன் அண்ணன் மேல் முட்டை வண்டி மோதிய கேசில் எனக்கு இருபத்தாறாம் தேதி சாட்சி இருக்கிறதே, அதையே வைத்துக் கேட்டால் உனக்கும் பழக்கம், எனக்கும் தைரியம் என்றாய். எப்போதும் நீ வா போ என்கிறவள் அன்று யாரோ மாதிரி ங்க போட்டுக் கேட்டாய். வண்டி எந்தப் பக்கம் வந்தது, எவ்வளவு வேகம், எல்லாம் போலீசில் சொன்னபடியே சொன்னேன். அப்புறம், "அந்த நேரத்துல உங்க கையில என்ன இருந்துச்சுங்க?" என்றாய். மாட்டுக்கு வைக்கிற தவிட்டுச் சட்டி என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. "கட்டுத்தாரையில இருந்து பார்த்தா ரோடு தெரியுமாங்க?" என்றாய். வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டுகிற இடத்தில் இருந்து ரோடு எங்கே தெரியும்? சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது சாமி.

நான் பார்க்கவில்லை. சத்தம் கேட்டு ஓடியபோது குணசீலன் ரோட்டில் கிடந்தான், கால் நசுங்கியிருந்தது. வண்டி தப்பான பக்கம் ஏறி வந்து அடித்ததாக அவனைப் பெற்ற முத்தாயம்மாள் பெரியம்மாதான் மார்பில் அடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள். பெற்றவள் சொன்னால் எடுபடாது, வேறொரு ஆள் வேண்டும் என்றார்கள், அதனால் நானே பார்த்ததாகப் போலீசில் சொல்லிவிட்டேன். பங்காளி வீட்டில் ஒருத்தி பார்த்தால் அது நாம் பார்த்ததுதானே, கல்யாணம் முதல் கருமாதி வரை அப்படித்தானே ஒருவருக்காக ஒருவர் நிற்கிறோம். பொய் சொல்கிறோம் என்றே எனக்குத் தோன்றவில்லை, நீ கேட்கிற வரைக்கும். பெரியம்மா நிஜமாகவே பார்த்தாளா, பெற்ற வயிறு அப்படிச் சொல்ல வைத்ததா, அதுவும் எனக்குத் தெரியாது.

போன வாய்தாவின்போது வண்டி ஓட்டிய வேல்முருகனைக் கோர்ட் வாசலில் பார்த்தேன், வெண்ணந்தூர்ப் பையன், கைக்குழந்தையோடு மனைவியும் வந்திருந்தாள். "நீங்க பார்த்ததை மட்டும் சொல்லுங்கம்மா, அது போதும்" என்றான். உண்மையைச் சொன்னால் பெரியம்மா வீட்டு வாசலை இனி மிதிக்க முடியாது, கால் போன பிள்ளையின் கேசைக் கெடுத்தவள் என்று ஊரே பேசும். நான் பார்க்கவில்லை என்பது அப்பாவுக்கும் தெரியாது, தெரிந்தால் என்ன செய்வாரோ. பொய்ச் சாட்சி என்று என்னை உள்ளே வைப்பார்களோ, நாளைக்கு நீ கறுப்புக் கோட்டு போட்டு நிற்கும்போது இவள் அம்மா அப்படிப்பட்டவள் என்று யாராவது சொல்வார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

நான் கூச்சத்தில் தடுமாறினேன் என்று நினைத்துக்கொண்டு, மூச்சை இழுத்து விடு, தண்ணீர் குடி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று எழுதி அனுப்பியிருந்தாய். அதெல்லாம் வேண்டாம் சாமி. எனக்குப் பயம் போய்விட்டால் பொய்யை நன்றாகச் சொல்லிவிடுவேன். பயத்தோடேயே ஏறி, பார்க்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும். இருபத்து நாலாம் தேதியே ரயில் ஏறிவிடு, மறந்துவிடாதே. வக்கீலாக வர வேண்டாம். அன்றைக்கு எல்லோரும் பெரியம்மா பக்கம்தான் உட்காருவார்கள், அப்பாவும்தான். நான் கூண்டில் இருந்து நிமிர்ந்து பார்க்கும்போது எனக்கென்று ஒரு முகம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
கா. சௌந்திரம்