பிஸ்கட் டின்னில் ஒன்பது ஈ

12.3.1984, திங்கள்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தென்னை ஓலையைத் தின்னும் புழு, பகலில் பறக்கிற சின்னக் கறுப்பு அந்துப்பூச்சியாக மாறும் என்று எங்களை வேலை வாங்கும் மண்டோரிடம் அடித்துச் சொன்னேன். காட்டுவதற்காகப் பத்துக் கூடுகளை பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். இன்று எல்லார் முன்னாலும் மூடியை லேசாகத் திறந்தால் அந்துப்பூச்சி ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் ஈ! வேலைக்கு வந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி மட்டும் குனிந்து பார்த்தார். "இந்த ஈ புழுவுக்குள்ளேயே வளர்ந்து அதைத் தின்னுடும்மா. இவ்வளவு இருந்தா மருந்தே அடிக்க வேணாம் லா," என்றார்.

மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்து வாரமெல்லாம் இருமுகிறவர் என் வீட்டுக்காரர். விஷயத்தைச் சொன்னதும் டின்னைப் பிடுங்கிக்கொண்டு தோப்புக்கு ஓடினார். மரத்துக்கு ஒன்றாகப் பறக்கவிட்டேன் என்கிறார்.