அவலூர்பேட்டை லைனை அணைத்தது யார்

ஜூன் 15, திங்கள்
எட்டு மணிக்கே வெயில். கோட்டைப் பாறைப் பக்கம் பார்த்தால் கண் கூசுகிறது.
வேலை: ரூட்டர் இரண்டு மாற்ற. பிரிண்டருக்கு பேப்பர். அவலூர்பேட்டை சுவிட்சில் (வீடு வீடாக நெட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), காலி செய்துபோன வீட்டின் இணைப்பை ஆபீஸிலிருந்தே நிறுத்த (போர்ட் 14, முடிந்தது).
மதியம் அவலூர்பேட்டை ஆன்லைன் சென்டரில் நெட் இல்லை. காலேஜுக்கு விண்ணப்பிக்க வந்த பிள்ளைகள் மூன்று மணி நேரம் நின்றார்களாம். எங்கள் இன்டர்நெட் கம்பெனி லைன்மேன் ஆரோக்கியம் பைக்கில் போய்ப் பத்தே நிமிடத்தில் சரி செய்தார். ஆபீஸிலிருந்துதான் யாரோ அணைத்திருக்கிறார்கள் என்றார். முதலாளி முகம் மாறியது.

ஜூன் 16, செவ்வாய்
முதலாளி ஆரோக்கியத்தை இனி வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார். சர்ச் திருவிழாவுக்கு லீவு தராத கோபத்தில் செய்த வேலையாம். "அணைச்சவனுக்குத்தானம்மா எங்க அணைச்சோம்னு உடனே தெரியும்?" என்றார். தலையாட்டி வைத்தேன்.
பதிவில் 'அணைக்கப்பட்டது' என்று மட்டும். சுவிட்சின் கடிகாரமும் தப்பு. யார் என்று எப்படித் தெரியும்? ஒரே கம்ப்யூட்டர், மூன்று பேர், எல்லா சுவிட்சுக்கும் ஒரே ரகசியச் சொல். அதுவும் டப்பாவிலிருந்து வந்தபடியே. மாற்றாதது என் சோம்பேறித்தனம்.
ஆபீஸிலிருந்தே சுவிட்சுகளை இயக்கும் எஸ்.என்.எம்.பி. முறையில் மூன்றாம் வெர்ஷனுக்குப் போகச் சொல்கிறார் முதலாளி. ஆளுக்கொரு பெயர். மூன்று வழி: பெயர் மட்டும், பெயரும் பாஸ்வேர்டும், அவற்றோடு, போகிற செய்தியையும் மறைத்து அனுப்புவது. முதலாவது, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடாத கதை. கடைசிதான் சரி. பழைய சுவிட்ச் சிலது அதற்கு ஒத்துவராது.

ஜூன் 17, புதன்
மாற்றும் முன் போர்ட் பட்டியல் எடுத்தேன். காலி வீடு 4. ஆன்லைன் சென்டர் 14.
இந்த நோட்டைத் திருப்பினேன். திங்கள் பக்கம். என் கையெழுத்தில் 'போர்ட் 14'.
டிபன் பாக்ஸ் திறக்கவில்லை.
யாருக்கும் தெரியாது. பதிவில் பெயர் இல்லை. ஒரு பக்கத்தைக் கிழித்தால் முடிந்தது. வேலை போனால் திண்டிவனத்தில் தேட வேண்டும், தினமும் பஸ். ஆரோக்கியத்தின் பெரிய பெண் பத்தாவது.
பயமாக இருக்கிறது. அதைவிட வெட்கம், விசாரிக்காமல் தலையாட்டியதற்கு.

ஜூன் 18, வியாழன்
தூறல். முதலாளியிடம் நோட்டைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "இன்னாம்மா இது" என்றதோடு சரி. போனை எடுத்து ஆரோக்கியத்தை வரச் சொன்னார்.
நாலு மணிக்கு வந்தார், சட்டை நனைந்து. மன்னிப்புக் கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
எப்போதும் அக்கா என்பவர். இன்று: "என் பேர்ல தனியா போடுங்க மேடம். பாஸ்வேர்டு நானே அடிச்சிக்கிறேன். நீங்க அந்தாண்ட திரும்பிக்கங்க."
எட்டு எழுத்தாவது வேண்டும் என்று மட்டும் சொல்லி, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.