அம்மா அறை டிவி

மார்ச் 3, செவ்வாய்

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே அண்ணி, பையன், அம்மா, நான் எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? உன் ஷிஃப்ட் மாறியதா, அதே மேற்பார்வையாளரிடம்தான் மாட்டிக்கொண்டிருக்கிறாயா?

நேற்று நீ அலுத்துக்கொண்டதில் தவறே இல்லை. நெட் கம்பெனியை மாற்றி மூன்று வாரம் ஆகிறது. ஹால் டிவி ஓடுகிறது, பையனின் டேப்லெட் ஓடுகிறது, அம்மா அறை டிவிக்கு மட்டும் என்ன கேடு என்று கேட்டாய். நீ எழுதி அனுப்பிய வழிகளை நேற்று மாலையே வரிசையாகச் செய்து பார்த்துவிட்டேன். லிஃப்ட் சோதனை பார்க்கிற என் தொழில் புத்திதான் உனக்குத் தெரியுமே, நேரம் குறித்துக்கொண்டுதான் செய்தேன்.

ஐந்து பத்துக்கு ரூட்டர் பிளக்கைப் பிடுங்கி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் விட்டுச் செருகினேன். முதலில் பச்சை விளக்கு, பிறகு நீலம். ஐந்து இருபதுக்கு டிவியின் பின்னாலிருந்து நெட் பிடிக்கிற ஸ்டிக்கைக் கழற்றி, தூசி ஊதி, திரும்ப மாட்டினேன். படம் வந்தது, சற்று நேரம் நின்றது, பிறகு 'இணைப்பு இல்லை' என்று காட்டியது. ஐந்து முப்பத்தைந்துக்குப் புது பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாக இரண்டு முறை போட்டேன். அதே பதில். கடைசியில் கம்பெனிக்குப் போன் செய்தேன். இருபத்திரண்டு நிமிடம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் வந்து, புது ரூட்டர் அனுப்புகிற அலைவரிசையைப் பழைய ஸ்டிக் பிடிக்காது, ஆள் அனுப்புகிறோம் என்றாள். எப்போது என்று கேட்டேன், வரும்போது போன் செய்வார்கள் என்றாள்.

போனை அம்மா காதில் வைத்துப் பயனில்லை என்பது நீ அறிந்ததுதான். அவளுக்கு வெறும் இரைச்சல்தான் கேட்கிறது. ஞாயிறு நாலு மணிக்கு நீ பேசுகிற அந்த டிவித் திரையில் உன் வாயைப் பெரிதாகப் பார்த்து, சத்தத்தையும் முழுதாக வைத்தால்தான் புரிகிறது; கேமரா இருப்பதும் அந்த டிவியில் மட்டும்தான். ஆகவே ஆள் வரும்வரை பொறுத்துக்கொள். நீ விசாரித்ததாகச் சொன்னேன். சிரித்தாள்.

நீயும் அம்மாவும் சேர்ந்து பார்க்கிற தொடரைப் பற்றிக் கவலை வேண்டாம். "அந்த மாமியார் இன்னும் நூறு பாகத்துக்குச் சாக மாட்டா, அவசரமே இல்லைன்னு சொல்லுங்க" என்று அண்ணி எழுதச் சொல்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 29, புதன்

அன்புள்ள தங்கைக்கு,

இதைப் பேருந்தில் நின்றுகொண்டு போனில் படிக்காதே. வீட்டுக்குப் போய், உட்கார்ந்து படி.

மார்ச் மூன்றாம் தேதி நான் எழுதியது உன்னிடம் இருக்கும். அதில் உள்ள நேரங்கள் எல்லாம் பொய். ஐந்து பத்துக்கு நான் எந்தப் பிளக்கையும் பிடுங்கவில்லை, சோபாவில் இருந்தேன். பச்சை விளக்கும் நீல விளக்கும் ரூட்டரோடு வந்த சின்னப் புத்தகத்தில் படித்தவை. இருபத்திரண்டு நிமிடம் பாட்டுக் கேட்டது நிஜம், ஆனால் அது அலுவலக வேலையாக வேறு ஒரு கம்பெனிக்குப் பேசியபோது. அலைவரிசை விஷயத்தை எங்கோ படித்திருந்தேன். அப்படி ஒரு பெண் இல்லை. ஆள் வருவதாக யாரும் சொல்லவில்லை. நான் யாரையும் கூப்பிடவே இல்லை.

அதற்கு அடுத்த வாரம் நீ இடைவேளை நேரத்தில் போன் செய்து, "அண்ணா, ஸ்டிக்கைக் கழட்டு, முப்பது எண்ணு, நானும் எண்ணுறேன்" என்றாய். ஒன்று, இரண்டு என்று நாம் இருவரும் சேர்ந்து முப்பது வரை எண்ணினோம். அப்போது என் கையில் ஸ்டிக் இல்லை. டீ டம்ளர் இருந்தது. "மாட்டிட்டியா?" என்றாய். மாட்டிவிட்டேன் என்றேன். "என்ன வருது?" என்றாய். இணைப்பு இல்லை என்றுதான் வருகிறது என்றேன். நீ அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அந்த டிவிக்கு வேண்டியிருந்தது புது பாஸ்வேர்டு ஒன்றுதான். ஹால் டிவிக்கு அன்றே போட்டேன். பத்து நிமிடம் பிடித்தது. அடுத்து அம்மா அறைக்குப் போனேன். ரிமோட்டைக் கையில் எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏன் என்று கேட்பாய். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அம்மா அறைக் கதவு திறந்திருந்தது. சத்தம் முழுதாக இருந்தது. நீ திரையில் வந்து, "அண்ணாவைக் கூப்பிடும்மா. உன் நகத்தைக் கொஞ்சம் காட்டு. இது எத்தனை நாள் நகம்? பார்த்துக்கிற லட்சணமா இது?" என்றாய். ஹால் முழுக்கக் கேட்டது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் டீயைக் குனிந்து பார்த்தார்கள். எங்கள் மேலாளர் மட்டும் நிமிர்ந்து, கூரை விசிறி நன்றாக ஓடுகிறது என்று சொன்னார். அவர் நல்ல மனிதர்.

அதற்கு முந்தைய வாரம் அறையில் ஏன் துணி காய்கிறது என்று கேட்டிருந்தாய். அதற்கும் முன்னால், ஏன் அதே உடை என்று. நீ கேட்டது ஒன்றும் பொய் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. கேமரா வழியாக வாரத்துக்கு ஒரு முறை என் வீட்டைச் சோதனை போடுகிறாய் என்று அண்ணியிடம் கத்தினேன். நெட் மாறி அந்தத் திரை இருண்டபோது, ஒரு வாரமாவது நிம்மதி என்று நினைத்தேன். அந்த ஒரு வாரம் இப்போது பதினொரு வாரம் ஆகியிருக்கிறது.

அண்ணியைத் தவறாக நினைக்காதே. "ஹால்ல போட்டதை அங்கேயும் போட எவ்வளவு நேரம் ஆகும்?" என்று இரண்டு தடவை கேட்டாள். இரண்டாம் தடவை நான் பதில் சொன்ன தோரணைக்கு, மூன்றாம் தடவை கேட்கவில்லை.

யாரும் பார்க்காத அறை என்ன ஆகும் என்று எனக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். துணிக் கொடி ஒன்று இருந்தது, இரண்டாயிற்று. இஸ்திரி மேஜை உள்ளே போனது. பிறகு இரண்டு பெட்டி, பையனுக்குச் சின்னதாகிப்போன சைக்கிள். சைக்கிளுக்கு இடம் வேண்டும் என்று அம்மாவின் நாற்காலியை ஜன்னல் பக்கத்திலிருந்து சுவர் ஓரமாகத் தள்ளினோம். "இங்கேயும் காத்து வருது" என்றாள் அம்மா. அங்கே காற்று வருவதில்லை.

போன வருடம் எங்கள் லிஃப்ட் கம்பெனியில் என் கீழே ஒரு மெக்கானிக் இருந்தான். ஏழு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் மோட்டார் அறைக்கு ஏறிப் போகாமலே 'பார்த்தாயிற்று' என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டான். நான் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தேன். வேலை போயிற்று. போகும்போது, "சார், லிஃப்ட் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு, யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டான். அவனுக்கு அரை மணி நேரம் புத்தி சொல்லி அனுப்பினேன். மார்ச் மாதக் கடிதத்தை எழுதும்போது அவன் ஞாபகம் வரவே இல்லை என்று சொன்னால், அதுவும் பொய்.

போன ஞாயிறு நாலு மணிக்கு, சட்டைக்கு இஸ்திரி போட அந்த அறைக்குள் போனேன். அம்மா தலை வாரி, வெளியே போகும்போது உடுத்துகிற நீலப் புடவை கட்டி, டிவியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் ரிமோட். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று தெரிய நீ நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுத்தாயே, அது அழிந்து ஓரத்தில் ஒரு கீற்றுதான் மிச்சம் இருக்கிறது. அவ்வளவு அழுத்தியிருக்கிறாள். பதினொரு ஞாயிறும் இப்படித்தானா என்று சைகையில் கேட்டேன். "பழகிடுச்சுடா. வரலைன்னா அஞ்சு மணி வரைக்கும் உக்காந்து பார்த்துட்டு எழுந்துடுவேன்" என்றாள்.

பிறகு ஒரு காகிதத்தை நீட்டினாள். இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொன்னாள். நான் அனுப்பவில்லை. முதலில் இந்தக் கடிதத்தை எழுதாமல் அதை அனுப்ப எனக்கு யோக்கியதை இல்லை. அவள் எழுதியதை அப்படியே கீழே எழுதுகிறேன்:

'வாலு, கடைசியா பேசினப்போ நீ லீவு கிடைக்கலைன்னு அழுதே. நான், நீ அங்கேயே இரு, இங்க வந்து என்ன பண்ணப் போறேன்னு சொன்னேன். நீ அழக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன். வராதேன்னு சொல்லலை. அம்மாவுக்குப் பேசத் தெரியலை. இத்தனை நாள் கோபம் உடம்புக்கு ஆகாது. நான் பேசலைன்னாலும் சரி, நாலு மணிக்கு மூஞ்சியை மட்டும் காட்டிட்டுப் போ.'

தப்பு என் மேல். டிவி கெட்டுவிட்டது என்றால் சரி செய் என்று என்னையே கேட்டுக்கொண்டிருப்பாள் என்று, உனக்கு வேலை அதிகம் என்று மட்டும் அவளிடம் சொல்லிவந்தேன். அம்மாவிடம் காட்டு என்று நீ அனுப்பிய செய்திகள் எல்லாம் என் போனிலேயே இருக்கின்றன. ஒன்றைக்கூடக் காட்டவில்லை. நீ விசாரித்ததாகச் சொன்னேன், சிரித்தாள் என்று எழுதினேனே, அன்று நான் அந்த அறைக்கே போகவில்லை.

அன்று மாலையே பாஸ்வேர்டைப் போட்டுவிட்டேன். நாலு நிமிடம். நேற்றும் இன்றும் அரை நாள் விடுப்பு எடுத்து அறையைக் காலி செய்தேன். சைக்கிளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. நாற்காலி ஜன்னலுக்குத் திரும்பிவிட்டது. நகம் வெட்டினேன். வெட்டும்போது, "வாலு வராளாடா?" என்று கேட்டாள். நகம் வெட்டினாலே நீ வருகிறாய் என்று கண்டுபிடித்துவிடுகிறாள் பார்.

அப்போதே உண்மையைச் சொல்ல நினைத்தேன். "எல்லாம் நான் பண்ணினதும்மா" என்றேன். "என்ன?" என்றாள். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "என்னடா? கேக்கலை" என்றாள். அதைக் கத்தித்தான் சொல்லியாக வேண்டும். ஹாலில் பையன் பாடம் எழுதிக்கொண்டிருந்தான். மூன்றாம் தடவை, "டீ வேணுமாம்மா?" என்று கேட்டேன். அது மட்டும் உடனே கேட்டுவிட்டது. வேண்டும் என்றாள்.

எழுதிக் கொடுக்கலாம்தான். ஆனால் எந்தக் காகிதம் கொடுத்தாலும் அவள் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள். அதை அங்கே வைத்துவிட்டு என்னால் வேலைக்குப் போக முடியாது. அதனால், 'வாலுவுக்குக் கோபம் இல்லை, ஞாயிறு நாலு மணிக்கு வருவாள்' என்று மட்டும் எழுதிக் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். "அவளே சொன்னாளா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

நீ சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை இன்னும் நீ படிக்கவே இல்லை. படித்த பிறகு என்னோடு பேச உனக்கு மனம் வராமல் போகலாம், அது நியாயம்தான். ஆனால் நான் சொன்ன அத்தனை பொய்யில் இது ஒன்றை மட்டும் உண்மையாக்கிக் கொடு. என் முகத்துக்காக இல்லை.

ஞாயிறு நாலு மணிக்குத் திரையில் வா. புள்ளியை அண்ணியின் நகப்பூச்சால் புதிதாக வைத்திருக்கிறேன், அம்மாவே அழுத்துவாள். முதலில் அறையைச் சுற்றிப் பார். கேட்க வேண்டியதை எல்லாம் கேள். கதவு திறந்தே இருக்கும், சத்தத்தை நான் குறைக்க மாட்டேன். அதற்குப் பிறகு, பதினொரு வாரம் ஏன் நீ வரவில்லை என்று அம்மாவின் காதருகில் நானே கத்திச் சொல்லப் போகிறேன். அண்ணியும் பையனும் வீட்டில்தான் இருப்பார்கள். இருக்கட்டும்.

நடுவில் நான் நிறுத்திவிட்டு டீ வேண்டுமா என்று கேட்டால் மட்டும், விட்டுவிடாதே வாலு.

உன் பதிலுக்குத் தகுதி இல்லாமல் காத்திருக்கும்,
அண்ணன்