சம்பந்தி காட்டிய சிராகூசா

மே 6, செவ்வாய்

மகள் நொயேமி கத்தானியாவிலிருந்து போன் செய்தாள். அவளுக்கு மாமியாராகப் போகிற ஒர்னெல்லா எங்களைப் பதினேழாம் தேதி சிராகூசாவுக்கு அழைத்திருக்கிறாளாம். செப்டம்பரில் கல்யாணம். அதற்கு முன் இரண்டு வீட்டாரும் ஒரு பகல் சேர்ந்திருந்தால் நல்லதாம். ஊரையும் சுற்றிக் காட்டுவாளாம்.

சுற்றிக் காட்டுகிறாளாமே! நாங்கள் என்ன பின்லாந்திலிருந்தா வருகிறோம்? அய்தோனேயிலிருந்து மலை இறங்கினால் காரில் ஒன்றரை மணி நேரம். அந்தக் கடற்கரையில் நான்கு வயதிலேயே வாந்தி எடுத்தவள் நான்.

ஜெசுவால்தோவிடம் சொன்னேன். என் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மதியச் சாப்பாடு அங்கதானா?"

மகளின் எதிர்காலத்தைப் பற்றிய அவருடைய கவலை அவ்வளவுதான்.

மே 11, ஞாயிறு

ஒர்னெல்லாவே பேசினாள். குரலிலேயே முத்துமாலை போட்டிருந்தாள். "எர்சீலியா, தட்டையான செருப்பு போட்டுக்கிட்டு வாங்க. எங்க ஊர் கல்லெல்லாம் வழவழன்னு இருக்கும். மலைக்காரங்களுக்குப் பழக்கம் இருக்காதே."

எங்கள் ஊரில் கல்லே கிடையாது. மேகத்தின் மேல் மிதந்துதான் நான் தினமும் நகராட்சி அலுவலகத்துக்குப் போகிறேன். இருபத்தாறு வருடமாக அப்படி மிதந்து போய்த்தான் ஊரார் கல்யாணங்களைப் பதிவேட்டில் எழுதுகிறேன்.

"ரொம்ப நன்றி"ன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?

மே 16, வெள்ளி

குங்குமப்பூ போட்ட பாலாடைக்கட்டி ஒரு முழு வட்டம் வாங்கி வைத்தாயிற்று. ஜெசுவால்தோ ஏற்கெனவே ஒரு ஓரத்தை ருசி பார்த்துவிட்டார். பரிசு இப்போது முக்கால் வட்டம்.

மே 18, ஞாயிறு, காலை

நேற்று எழுத முடியவில்லை. முதலிலிருந்தே எழுதுகிறேன்.

சிராகூசாவின் பழைய ஊரான ஒர்த்தீஜா தீவுக்குப் போகும் பாலத்தின் முனையில் நின்றிருந்தாள் ஒர்னெல்லா. வெள்ளை உடை, வெள்ளைத் தொப்பி. குதிகால் மட்டும் ஒரு சாண் உயரம். வழவழப்பான கல் மலைக்காரர்களுக்கு மட்டும்தான் போலிருக்கிறது. பக்கத்தில் அவள் மகன் கொர்ராதோ, அம்மாவின் கைப்பையைப் பிடித்தபடி. முப்பத்து நான்கு வயது, காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, நல்ல உயரம், அழகிய பல்வரிசை. அந்தப் பற்களுக்குப் பின்னாலிருந்து சொந்தமாக ஒரு வாக்கியம் வந்து நான் கேட்டதில்லை.

பத்து மணிக்கு ஆரம்பித்தாள். சந்தையில் மீன் எப்படி வாங்குவது என்று சொன்னாள். அப்பொல்லோ கோயிலின் உடைந்த தூண்களை, தன் பாட்டன் உடைத்தது மாதிரி உரிமையோடு காட்டினாள். தலைமைப் பேராலயத்துக்குள் கிரேக்கக் காலத்துத் தூண் ஒன்றைத் தடவிக்கொண்டே, "இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம். இங்கதான் கல்யாணம். ஆயரோட பேசிட்டேன்"என்றாள்.

நொயேமி சொன்னாள்: "ஆன்ட்டி, நாங்க அய்தோனே நகராட்சியில, அம்மா ஆபீஸ்லயே, சின்னதா…"

"ஆமா ஆமா, அதுவும் ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வரலாம்."

என் அலுவலகத்தை, ஏதோ சுற்றுலாத் தலம் மாதிரி! நான் கொர்ராதோவைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான். கூரை அழகாகத்தான் இருந்தது, குற்றம் சொல்ல முடியாது.

மதியம் அவள் வீட்டில் சாப்பாடு. மத்தி மீனும் சோம்புக் கீரையும் போட்ட பாஸ்தா. இதில் மட்டும் கிண்டல் செய்ய வழியில்லை, அப்படி ஒரு ருசி. ஜெசுவால்தோ மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "ரொம்பப் பிரமாதம்மா"என்று நாத் தழுதழுக்கச் சொன்னார். முப்பத்தோரு வருடமாக என் கைச்சாப்பாட்டுக்கு அவர் சொன்ன அதிகபட்சப் பாராட்டு, "உப்பு சரியா இருக்கு."

சாப்பிட்டு முடித்ததும் ஒர்னெல்லா சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்கினாள். "இப்பத்தான் முக்கியமான இடம். மேல வாங்க." ஜெசுவால்தோ சோபாவிலேயே கண்ணை மூடிவிட்டார். நாங்கள் நான்கு பேரும் மாடி ஏறினோம்.

மாடியில் முழு வீடே தயாராக இருந்தது. திரைச்சீலை, கட்டில், சமையலறையில் கரண்டி வரை. கதவில் பித்தளைப் பலகை: கொர்ராதோ – நொயேமி. கடைசியில் ஒரு சின்ன அறை, இளநீல வண்ணம், மூலையில் தொட்டில்.

கீழே தெருவில் எவனோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தான். அது கிளம்பவே இல்லை.

நொயேமி மெதுவாகத்தான் கேட்டாள். "கொர்ராதோ, நாம கத்தானியாவுல வீடு பாத்துட்டு இருக்கோம். இது உனக்குத் தெரியுமா?"

"அம்மா ஆசைப்பட்டாங்க."

"சரி. உனக்கு எது ஆசை?"

அவன் சிரித்தான், அதே அழகிய பற்களோடு. "எனக்கு என்ன நொயே, எல்லாம் ஒண்ணுதான்."

அவள் தலையை ஆட்டினாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். "அவங்கிட்ட ரெண்டு நிமிஷம் தனியாப் பேசணும்"என்றாள். ஒர்னெல்லாவும் நானும் கீழே வந்தோம். பத்து நிமிடம் கழித்து நொயேமி படியில் தடதடவென்று இறங்கி, யாரையும் பார்க்காமல், வெளியே போய்விட்டாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். தட்டைச் செருப்புக்காக ஒர்னெல்லாவுக்கு மனதுக்குள் நன்றி சொன்னபடி.

அரேத்தூசா ஊற்றைத் தாண்டி, மதிலுக்குக் கீழே குளிக்கிறவர்கள் இறங்கும் பாறையில் உட்கார்ந்திருந்தாள். காலணியைக் கழற்றாமலே கால் தண்ணீரில். என் மகள் இயன்முறை மருத்துவர். அடுத்தவர் முட்டியைத் தொட்டாலே எங்கே வலி என்று சொல்லிவிடுவாள். தன் வலியைக் கண்டுபிடிக்க, கொர்ராதோவோடு பழகி மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

நான் என்ன சொன்னேன்? எழுதவே வெட்கமாக இருக்கிறது. காலையிலிருந்து மனதுக்குள் அந்தக் குடும்பத்தைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவள், வாயைத் திறந்ததும் சொன்னது இதுதான்: "நல்ல பையன்மா. குடிக்க மாட்டான், கத்த மாட்டான். கொஞ்சம் அனுசரிச்சுப் போனா எல்லாம் சரியாயிடும்."

என் மாமியார் செத்து ஒன்பது வருடம். இத்தனை நாளாக என் தொண்டைக்குள்தான் குடியிருந்திருக்கிறாள்.

நொயேமி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, அப்பா உன்னை ஒரு தடவையாவது, உனக்கு என்ன வேணும்னு கேட்டிருக்காரா?"

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு தடவை, தலையணை வேண்டுமா என்று… இல்லை, அது நர்ஸ்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். நானும் காலைத் தண்ணீரில் விட்டேன். மே மாதக் கடல், ஐஸ் மாதிரி.

அப்போது படியில் ஒரு சத்தம். ஒர்னெல்லா இறங்கி வருகிறாள். தொப்பி இல்லை, ஒரு காலில் செருப்பு, மற்றது குதிகால் முறிந்து கையில். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடப் பெருமை நொண்டிக்கொண்டு வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருக்க வேண்டும், வரவில்லை.

நொயேமி எழுந்து நின்று நேராகச் சொன்னாள். "ஆன்ட்டி, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். உங்க மேல கோபம் இல்ல."

ஒர்னெல்லா முறிந்த செருப்பை இன்னொரு கைக்கு மாற்றினாள். "அவங்கிட்ட சொன்னியா?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"என்ன சொன்னான்?"

"'சரி'ன்னான்."

"சரியா? அவ்வளவுதானா? அழலையா? போகாதேன்னு கையைப் பிடிக்கலையா?"

"'சரி, உன் இஷ்டம்'னான்."

நான் சண்டைக்குத் தயாரானேன். என் மகளை ஒரு வார்த்தை சொன்னால் பதினோரு வார்த்தை கையில் வைத்திருந்தேன். ஆனால் ஒர்னெல்லா முறிந்த செருப்பைத் தூக்கிக் கடலில் எறிந்தாள். நன்றாகவே எறிந்தாள்.

"சரியாம்!"என்றாள். "அவங்கப்பனும் இப்படித்தான். கல்யாணமான ஏழாவது வருஷம், பெட்டியக் கட்டிக்கிட்டு 'நான் போறேன்'னு நின்னேன். 'சரி'ன்னுட்டு ரேடியோ கேக்கப் போயிட்டார். ஒரு தடவை, ஏன்னு கேட்டிருந்தாக்கூடப் போதும்."

"அப்புறம்?"என்றேன் நான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்புறம் என்ன. பெட்டியப் பிரிச்சு மடிச்சு வச்சேன். அவர் சாகற வரைக்கும் நானே ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசினேன். அப்புறம் பையனுக்கும் சேத்து." பாறையில் பொத்தென்று உட்கார்ந்தாள். வெள்ளை உடை, பாசி படிந்த பாறை. "அந்த மாடி வீட்ட நான் அவனுக்காகவா கட்டினேன்? நாள் பூரா தனியாப் பேசிப் பேசி எனக்கு அலுத்துப்போச்சு எர்சீலியா."

இவளைப் பற்றி நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் அத்தனையும் வீணாகிப்போயின.

மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். யாரோ ஒரு ஜெர்மன்காரர் எங்களை அழகான காட்சி என்று நினைத்துப் படம் எடுத்தார்.

திரும்பி வந்தபோது ஜெசுவால்தோ சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கொர்ராதோ பாத்திரங்களைக் கழுவி அடுக்கியிருந்தான். பாவம், சுத்தமாகத்தான் கழுவியிருந்தான்.

காரில் பாதி வழி வந்ததும் ஜெசுவால்தோ கேட்டார்: "ஏன் எல்லாரும் சும்மா வர்றீங்க? ஏதாவது நடந்துதா?"

மே 22, வியாழன்

ஊருக்கே தெரிந்துவிட்டது. இனி நான் தனியாகத் தகவல் சொல்ல வேண்டியதில்லை, ரொட்டிக் கடையே பார்த்துக்கொள்கிறது. நாத்தனார் துக்கம் விசாரிக்க வந்தாள், கேக்கோடு. "நல்ல சம்பந்தம் போச்சே!"

நொயேமி நேற்று பன்னிரண்டு மணி நேரம் தூங்கினாளாம்.

மே 30, வெள்ளி

நிச்சயதார்த்த மோதிரம் தபாலில் திரும்பிப் போனது. நகராட்சிக்குக் கொடுத்த கல்யாண அறிவிப்பை நானே என் கையால் ரத்து செய்தேன். காரணம் எழுதும் இடத்தில் "இரு தரப்பும் விரும்பவில்லை"என்று போட்டேன். ஒரு தரப்புக்கு விருப்பம் என்றால் என்னவென்றே தெரியாது என்று எழுத அங்கே இடமில்லை.

ஜூன் 9, திங்கள்

ஒர்னெல்லா போன் செய்தாள். மோதிரம் வந்து சேர்ந்ததாம். அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஐம்பத்து மூன்று நிமிடம் பேசினோம். பாலாடைக்கட்டி முக்கால் வட்டம்தான் இருந்தது, மலையில் அப்படித்தான் விற்பார்களா என்று கேட்டாள்.

பொல்லாத பெண்பிள்ளை.

ஜூன் 29, ஞாயிறு

மறுபடி அவள். கொர்ராதோ வாடகை வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டானாம். "நான்தான் போகச் சொன்னேன். என்ன சொன்னான் தெரியுமா?"

தெரியும். இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னோம். பிறகு அவள் சிரித்தாளா அழுதாளா, போனில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஜூலை 19, சனி

தனியாகப் போய்வந்தேன். பஸ், கத்தானியாவில் இறங்கி இன்னொரு பஸ். வீட்டில், "சிராகூசா போறேன்"என்றேன். ஜெசுவால்தோ, "சாப்பாடு?"என்றார். குளிர்பெட்டியைக் காட்டிவிட்டுக் கிளம்பினேன்.

ஊரைச் சுற்றிக் காட்டவில்லை ஒர்னெல்லா. பாறையில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, இரண்டு மணி நேரம் எல்லோரையும் பற்றிப் பேசினோம். ஐம்பத்தேழு வயதில் எனக்கு ஒரு தோழி. அவளுடைய தொப்பி ரசனை சகிக்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இந்த மாதம் சிராகூசாவுக்கு மூன்றாவது தடவை. மாடி வீட்டில் தொட்டிலை யாருக்கோ கொடுத்துவிட்டாள். அந்த அறையில் எனக்கு ஒரு கட்டில் போட்டிருக்கிறாள். நான் கேட்கவில்லை. என்ன நிறத்தில் திரைச்சீலை வேண்டும் என்று மட்டும் என்னைக் கேட்டாள்.

பதில் சொல்ல எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

அக்டோபர் 4, சனி, பஸ்ஸில்

காலையில் பையை எடுத்ததும் ஜெசுவால்தோ கேட்டார்: "எத்தனை மணிக்கு வருவே?"

"திங்கக்கிழமை"என்றேன்.

செய்தித்தாளை மடித்து வைத்தார். படிக்காமலே மடித்ததை இன்றுதான் பார்க்கிறேன். பையை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார். எங்கள் ஊர்க் கற்களும் வழவழப்பானவைதான். இரண்டு இடத்தில் என் முழங்கையைப் பிடித்தார், பிறகு விட்டுவிட்டார்.

நான் ஏறி உட்கார்ந்தேன். ஜன்னலைத் தட்டினார். திறந்தேன்.

"அங்க… இன்னொருத்தர் வந்தா, படுக்க இடம் இருக்குமா?"

பார்த்தேன். மனிதர் சவரம்கூடச் செய்திருந்தார்.

"கேட்டுச் சொல்றேன்"என்றேன். பஸ் கிளம்பிவிட்டது.