பூச்சிக்கு ஓட்டெடுப்பு

நண்பா,

பிரிக்ஃபீல்ட்ஸில் கூடிய நம் சொல்லாக்கக் குழு, தமிழர் வரலாற்றைத் திசைதிருப்பும் முடிவொன்றை எடுத்தது. ஆறு கால் உயிர்களுக்கு இனிப் 'பூச்சி' என்ற பெயர் இல்லை, 'அறுகாலி'. வழக்கம்போல, வடை ஆறுவதற்குள் கை தூக்கி முடித்தார்கள். தூக்காத கை என்னுடையது மட்டும்.

மேசையில் உன் கண்ணாடிப் பெட்டி இருந்தது. கிள்ளான் தமிழ்ப்பள்ளி அறிவியல் அறைக்கென்று நீ சாகும்வரை பூச்சி பிடித்துச் சேர்த்தது. மூடியைத் திறந்தேன். அந்துருண்டை வாசம் வந்தது, பின்னாலேயே நீ.

டெங்கில் ஊரின் செம்பனைத் தோட்டத்தில் நீ வலையோடும் நான் குடையோடும் அலைந்தபோதே இந்தச் சண்டையைப் போட்டுவிட்டோம்.

"எட்டுக்கால் பூச்சியும் பூச்சி, வயித்துல இருக்கிறதும் பூச்சி. இதெல்லாம் ஒரு அறிவியல் சொல்லாடா?" என்றேன்.

"இங்கிலீஷ்ல மட்டும் என்ன வாழுது? இன்செக்ட்டுக்கு லத்தீன்ல 'வெட்டுப்பட்டது'ன்னு அர்த்தம். உடம்பு துண்டு துண்டா தெரியுதாம். கோழிக்கறியும் அப்படித்தான் லா இருக்கு."

"அறுகால்?"

"பழைய பாட்டுல அது வண்டு. தேன் குடிக்கிறவனுக்குக் கொடுத்த பட்டத்தைக் கரப்பானுக்குக் கொடுப்பியா?"

"சரி, பூச்சி எங்கேருந்து வந்துச்சு?"

"'புழு'ங்கிற சொல்லுக்குச் சொந்தமா இருக்கலாம். யாரும் சத்தியம் பண்ணல. ஆனா பூச்சின்னு கூப்பிட்டா புள்ளைங்க ஓடி வருதுங்க. எனக்கு அது போதும்."

நீ சொன்ன இதையெல்லாம் குழுவில் சொன்னேன். "ஐயா, உணர்ச்சிவசப்படாதீங்க" என்றார் தலைவர்.

"அப்போ பட்டாம்பூச்சி?"

"பட்டாம் அறுகாலி" என்றார் செயலாளர். யாரும் சிரிக்கவில்லை. அதற்கும் ஓட்டெடுத்தார்கள், சரிபாதியாகப் பிரிந்தது. முழு விவகாரமும் துணைக்குழுவுக்குப் போனது. துணைக்குழுவுக்கு ஆள் போடும் வேலை அடுத்த கூட்டத்துக்குப் போனது.

பள்ளி காத்திருக்கவில்லை. அறிவியல் அறை திறந்த அன்று உன் பெட்டிக்கு மேலிருந்த பெயர்ப்பலகையில் மலாய் இருந்தது, ஆங்கிலம் இருந்தது. தமிழுக்கு விட்ட இடம் வெள்ளையாக இருந்தது. இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி உன் பெட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"சார், இதுக்குத் தமிழ்ல பேரு இல்லையா?"

"இருக்கும்மா. பூச்சி."

"அது எனக்கே தெரியும். அப்புறம் ஏன் எழுதல?"

சொல்லின் வேரைப் பற்றி எனக்கு இன்னும் ஐயங்கள் உண்டு. நீ இருந்திருந்தால் இந்தக் கேள்விக்குப் பிறகு அவற்றைப் பேசவிட்டிருக்க மாட்டாய். அலுவலகத்தில் அழியாத மை மார்க்கர் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். நாற்காலியில் ஏறினேன். நீ எழுதுவதுபோலவே, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன்.

அடுத்த கூட்டத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள்.