கார்த்தியின் கண்கள்

வியாழன், மயிலாப்பூர்

எதிர்வீட்டு வசந்தாக்காவின் மகன் கார்த்தி வேளச்சேரி வெள்ளத்தில் இறந்து வருஷமாகப் போகிறது. திதிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க அவன் படத்தை அச்சிட்டுத் தரச் சொன்னார். நீலச் சட்டையை லினோ என்ற ரப்பர் போன்ற தகட்டில் செதுக்கி முதலில் அச்சிட்டேன். அதன்மேல், செப்புத் தகட்டில் ஊசியால் கீறிய முகத்தைப் பதித்தேன். சட்டை எல்லாத் தாளிலும் அப்படியே வந்தது. ஊசிக் கீறல்தான் அழுத்த அழுத்தத் தேய்ந்தது. போகப் போகக் கண்கள் மங்கிவிட்டன. இன்று காலை தகட்டில் கண்களை மட்டும் மறுபடி ஆழமாகக் கீறி, ஒரு தாள் அச்சிட்டேன்.

சாயங்காலம் அக்கா வந்தார். மங்கலானவை உட்பட முன்பு அச்சிட்ட எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். புதியதன் முன்னால் மட்டும் வெகுநேரம் நின்றார்.

"இது இன்னாம்மா, வேற யாரோ பாக்குற மாதிரி கீது?"

"கண்ணு தேஞ்சு போச்சுக்கா. திரும்பக் கீறினேன்."

"அவன் இப்படிப் பாக்க மாட்டாம்மா. இது வேணாம், நீயே வச்சுக்கோ."

அதை இப்போது என் கட்டிலுக்கு எதிரே பலகையில் ஊசி குத்தி மாட்டியிருக்கிறேன். மை இன்னும் காயவில்லை. பலகைப் பக்கம் திருப்பிக் குத்தினால் முகம் கலைந்துவிடும். விளக்கை அணைத்துப் பார்த்தேன். மறுபடி போட்டுவிட்டேன்.