கூடாரத்தைப் பிரிக்க வேண்டாம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் சுகம் என்று எழுதினால் உன் அம்மா படித்துவிட்டுச் சிரிப்பாள். நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தக்கபடி உடுத்திக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை, போன் செய்தால் நினைத்தால்தான் எடுக்கிறாய். எடுத்தாலும் இந்த விஷயத்தைப் போனில் பேச முடியாது, நம் வீட்டில் இப்போது தும்மினால்கூடப் பக்கத்து அறைக்குக் கேட்கிறது, ஏன் என்று பிறகு எழுதுகிறேன். உன் அறையில் விட்டுப்போன, விளக்கு போட்டு வீட்டுக்குள்ளேயே செடி வளர்க்கிற அந்தச் செடிக் கூடாரத்தைப் பிரித்து மடித்து வைக்கச் சொல்லியும், ஞாயிற்றுக்கிழமை உன் சிநேகிதி வந்து எடுத்துப் போவாள் என்றும் செய்தி அனுப்பியிருந்தாய். அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிடு. கூடாரம் இருக்கட்டும்.

கிளம்புகிற அன்று அந்த ஒற்றைத் தக்காளிச் செடியை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, பெட்டியை மூடிக்கொண்டே உன் அம்மாவிடம், "அப்பா இதைப் பாத்துக்குவாரா, இல்ல பாடம் நடத்தியே கொன்னுடுவாரா?" என்று கேட்டாய். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். சூடான காற்று மேலே போகும், அந்த இடத்துக்குக் குளிர்ந்த காற்று வரும் என்று இத்தனை வருஷமாகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிற பூகோள வாத்தியார் நான், பீரோ அளவு துணிக் கூடாரத்துக்குக் காற்று விட எனக்குத் தெரியாதா. தலைமையாசிரியர் நாற்காலியைத்தான் கணக்கு வாத்தியார் தட்டிப் பறித்துக்கொண்டார், அறிவை யாரும் பறிக்கவில்லை. கூடாரத்தின் உச்சியில் விசிறியை மாட்டி, அதிலிருந்து வெள்ளிநிறக் குழாயை இழுத்து பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன், பார்க்க லட்சணமாக இருந்தது. மறுநாளே இலைகள் ஓரம் சுருண்டு தோணி மாதிரி ஆகிவிட்டன. மேலே தள்ளிய சூடு பீரோவை ஒரு சுற்றுச் சுற்றி, கீழே இருக்கும் துவாரம் வழியாகத் திரும்பவும் கூடாரத்துக்குள்ளேயே போயிருக்கிறது. விளக்கின் சூடும் விசிறியின் சூடும் என் சூடும் ஒரே அறைக்குள் ஊர்வலம் போயின. உன் அம்மா எட்டிப் பார்த்து, "சூறாவளியை வீட்டுக்குள்ளயே பண்ணிட்டீங்க" என்றாள். பிறகு குழாயை ஜன்னலுக்கு வெளியே விட்டேன். சூடு போயிற்று, ஆனால் உள்ளே வருகிற காற்றும் அடுப்படிக் காற்றாகத்தான் இருந்தது. வாளியில் ஐஸ் வைத்தேன், ஈரம் ஏறி இலையில் சாம்பல் மாதிரிப் பூஞ்சை பூத்தது. இந்த வீட்டில் குளிர்ந்த காற்று இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், அது சுவருக்கு அந்தப் பக்கம் உன் அம்மாவின் அண்ணனுடைய அறை. பல்செட் கட்டுகிற மெழுகு இளகக் கூடாது என்று அவர் பகலெல்லாம் ஏசி போட்டுக்கொண்டு, யார் யாருடைய பற்களோடோ சுகமாக உட்கார்ந்திருக்கிறார்.

அவரோடு எனக்குப் பேச்சு இல்லை என்பது உனக்குத் தெரியும். நீ படிப்பு முடித்ததற்கு வைத்த விருந்தில், அத்தனை பேர் முன்னால், "மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும், செய்ய மட்டும்தான் வராது" என்றாரே, அதிலிருந்து. உன் அறைக்கும் அவர் அறைக்கும் நடுச்சுவரில் பழைய ஓட்டை ஒன்றை அட்டை வைத்து ஒட்டியிருந்தோம் இல்லையா, அதன் வழியாக இன்னொரு குழாய் விட்டால் வேலை முடிந்தது. உன் அம்மா போய்ச் சொன்னாள். "தாராளமா விடட்டும், ஆனா மாப்பிள்ளை வாயால கேக்கட்டும்" என்று பதில் வந்தது. நான் கேட்பேனா. செடி வாடியது, நான் அசையவில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம் அட்டையைப் பிய்த்துவிட்டுக் கூடாரத்துக்குள் தலையை விட்டு, "உனக்குக் காத்து வேணும்னா அந்தாளுகிட்ட நீயே கேளு, எனக்கென்ன வந்தது" என்று செடியைத்தான் திட்டினேன். ஓட்டையின் அந்தப் பக்கத்திலிருந்து, "செடி கேட்டா குடுப்பேன்" என்று குரல் வந்தது. கையோடு குழாயைச் செருகிவிட்டேன்.

அன்று முதல் செடி பிழைத்துக்கொண்டது, கூடவே இந்தப் பழக்கமும் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வந்ததும் கூடாரத்துக்குள் தலையை விட்டு, "செடியே, அந்தப் பக்கத்துப் பெரிய மனுஷருக்கு ஏசியை ஒரு புள்ளி கூட்டி வைக்க மனசு வருமான்னு கேளு" என்பேன். "செடியே, உன் வாத்தியாரு இன்னைக்கு எத்தனை பிள்ளைங்களைத் தூங்க வெச்சாராம்?" என்று வரும். கணக்கு வாத்தியாரைப் பற்றி நான் செடியிடம் முறையிட்டால், அந்த வாத்தியாருக்கும் பல்செட் தானே கட்டிக் கொடுத்ததாகவும், ஒரு கடைவாய்ப் பல்லைக் கொஞ்சம் உயரமாக வைத்துவிட்டதாகவும் அவர் செடியிடம் சொல்கிறார். ஒரு தடவை சண்டை முற்றி அவர் குழாயில் துண்டை அடைத்துவிட்டார். உள்ளே வரக் காற்று இல்லாமல், விசிறி வெளியே இழுக்க இழுக்க, கூடாரத்தின் நாலு பக்கமும் உள்வாங்கி என் முகத்தோடு ஒட்டிக்கொண்டது. கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டிருந்த என்னை உன் அம்மா காலைப் பிடித்து வெளியே இழுத்தாள். "நடந்துபோக வாசல் இருக்கு, ரெண்டு பேருக்கும் கால் இருக்கு, ஒரு தக்காளிச் செடியைத் தூது அனுப்புறீங்களே, வெக்கமா இல்ல?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே துண்டை எடுக்கப் போனாள். நான் போகவில்லை, போனால் அவருக்கு இளக்காரம்.

இப்போது முக்கியமான விஷயம். செடி போய்விட்டது. போன வாரம் பரீட்சை மேற்பார்வைக்கு வெளியூர் போயிருந்தேன். சத்தம் பொறுக்கவில்லை என்று உன் அம்மா விசிறியை அணைத்திருக்கிறாள், விளக்கை அணைக்கத் தோன்றவில்லை. ஜிப் போட்ட கூடாரத்துக்குள் செடி நின்றபடியே வெந்துவிட்டது. நான் வந்து பார்த்தபோது குச்சிதான் இருந்தது. பாடம் நடத்திக் கொன்றது நானில்லை என்பதை இதன் மூலம் தெரிந்துகொள். அவரிடம் நான் சொல்லவில்லை, சொன்னால் பழைய அட்டையை எடுத்து ஓட்டையை ஒட்டிவிடுவார், ஒட்டத்தானே வேண்டும், வெறும் கூடாரத்துக்கு எதற்குக் காற்று. அதனால் விசிறியை ஓடவிட்டிருக்கிறேன். நேற்றுக் காலை, விசிறியை அணைத்ததைச் சொல்லி உன் அம்மாவைக் கோபித்துக்கொண்டபோது, செடி செத்த அன்றைக்கே அழுதுகொண்டே அண்ணனிடம் சொல்லிவிட்டேன் என்கிறாள். அப்படியானால் இந்த ஒரு வாரமும் அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, நேற்றுச் சாயங்காலமும் குழாயில், "என்ன செடி, காத்து போதுமா?" என்று கேட்டார். வெறும் குச்சி நிற்கிற கூடாரத்துக்குள் தலையை விட்டேன். அப்புறம் செடிக்குப் பதிலாக, "போதாது மச்சான், இன்னும் கொஞ்சம் வேணும்" என்றேன். ஏசியைக் கூட்டுகிற சத்தம் கேட்டது.

ஆகையால் சிநேகிதியிடம் இன்றே சொல்லிவிடு, மறக்காதே. அதே தக்காளியின் விதை கிடைத்தால் அனுப்பு, அவசரமில்லை. நீ எங்கிருந்தாலும் நோய்நொடியில்லாமல், யாரிடமும் தலை குனியாமல் நல்லபடியாக வாழ வேண்டும். படுக்கிற அறையில் ஜன்னலை அடைத்துவைக்காதே, காற்று உள்ளே வர ஒரு வழியும் வெளியே போக ஒரு வழியும் வேண்டும்.

உன் போனை எதிர்பார்த்திருக்கும்
அப்பா